அப்பா ஏறுவதா, தண்ணீர் ஏறுவதா

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில். பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. தரையிலிருந்து வீட்டு வாசல் வரை 54 படி. அப்பாவின் சிறுநீரகச் சிகிச்சையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டுப் படிக்கட்டை எண்ணிக்கொண்டிருக்கிறாளே என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸை ஆஸ்பத்திரியில் செய்வதா, வீட்டிலேயே வயிறு வழியாகச் செய்வதா, அதுவே வேண்டாமா, எந்த வழி என்பதை எங்கள் வீட்டில் முடிவு செய்ததே பெரும்பாலும் இந்த 54 படிதான்.

2023இல் அப்பாவுக்கு 78 வயது. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை நோய் வந்து 20 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். மலேசியாவில் டயாலிசிஸில் இருப்பவர்கள் 50,000 பேருக்கும் மேல்; புதிதாகச் சேருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை அங்கே கொண்டுவந்து விடுவது சர்க்கரைதான். அப்பாவும் அந்த வரிசையில் வந்து நின்றார். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். எண் 15க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை என்கிறார்கள். அப்பாவுக்கு 11.

டாக்டர் நல்லவர்தான். ஆனால் வெளியே ஒரு கூட்டமே காத்திருந்தது. மலாயும் ஆங்கிலமும் கலந்து ஏழெட்டு நிமிடம் பேசினார், அந்த மூன்று வழிகளைப் பற்றி மூன்று தாள்களைக் கையில் கொடுத்தார், அடுத்த தடவை வரும்போது முடிவு சொல்லுங்கள் என்றார். அப்பாவுக்கு மலாய் நன்றாக வரும், ஆனால் அது பட்டறை மலாய், சந்தை மலாய். டாக்டர் 'புவா பிங்காங்' என்று சொல்லும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவர், வெளியே வந்து, "இடுப்புப் பழம் அழுகிப் போச்சுங்கிறார், அவ்வளவுதானே?" என்றார். மலாயில் சிறுநீரகத்துக்கு அதுதான் பெயர். புவா என்றால் பழம், பிங்காங் என்றால் இடுப்பு. அன்று நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்ததும் ஜொகூர் பாருவிலிருந்து அண்ணன் போன் செய்தான். "அப்பாகிட்ட ஒண்ணும் சொல்லாதே, பயந்துருவார். எது பெஸ்ட்டோ அதைச் செஞ்சுருவோம்." நம் வீடுகளில் இது புதிதல்லவே. நானும் இரண்டு வாரம் அந்தத் தாள்களை அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே அப்பா கேட்டார்: "அந்தப் பேப்பர்ல என்னதான் எழுதியிருக்கான்?" அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியும் என்பது எங்களுக்குத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். இப்போது யாராவது கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு பெரிய அட்டையில் மூன்று பத்தி போட்டு, ஒவ்வொரு வழியிலும் அப்பாவின் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று மணிவாரியாகத் தமிழில் எழுதினேன். ஆயுள், சதவீதம் எதுவும் இல்லை. காலை 6 மணிக்கு என்ன, 10 மணிக்கு எங்கே, சாயங்காலம் உடம்பு எப்படி, கூட யார். அவ்வளவுதான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்றையும் படித்தார். ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பத்தியில் விரலை வைத்து, "திரும்பி வந்தா என்னை யாரு மேல ஏத்துவா?" என்றார். வயிற்று டயாலிசிஸ் பத்தியில், "ராத்திரி 10 மணிக்கு நீ தூங்க மாட்டியாம்மா?" டயாலிசிஸே வேண்டாம் என்ற மூன்றாவது பத்தியில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதுல வலி இருக்குமா?" டாக்டரிடம் நான் கேட்கத் தவறிய மூன்று கேள்விகள். அவற்றை அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த தடவை போனோம்.

மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. மலேசியாவின் முதல் மாற்று அறுவை கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் 1975இலேயே நடந்துவிட்டது. ஆனாலும் 78 வயதில், இந்த இதயத்தோடு, அது எங்களுக்கான பேச்சில்லை. செலவும் எங்கள் விஷயத்தில் முடிவை மாற்றவில்லை. அப்பா அரசாங்கப் பென்ஷன்காரர் என்பதால் பெரும்பகுதி சமாளிக்க முடிந்தது. மற்றவர்களுக்கு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு, 1969 முதல் இயங்கும் தேசிய சிறுநீரக அறநிறுவனம், தொண்டு மையங்கள் என்று வாசல்கள் உண்டு. மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்க்காமல் பணம் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

எப்போது ஆரம்பிப்பது என்பதில் எங்களுக்கு ஒரு பதற்றம் இருந்தது. எண் 11, உடனே செய்யாவிட்டால் என்னவாகும்? டாக்டர் பொறுமையாக விளக்கியது இங்கேதான். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 828 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. சீக்கிரம் டயாலிசிஸ் ஆரம்பித்தவர்களுக்கும், கிட்டத்தட்ட ஆறு மாதம் தள்ளி ஆரம்பித்தவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல் உடம்பையும் பார்ப்போம் என்றார். பசி போவது, குமட்டல், அரிப்பு, மூச்சு வாங்குவது, கால் வீக்கம். அப்படிப் பார்த்துப் பார்த்தே எங்களுக்கு ஏழு மாதம் கிடைத்தது. ஒரு தைப்பூசத்தையும் அதற்குள் பார்த்துவிட்டோம். ஜாலான் ஈப்போவில் வெள்ளி ரதம் போகும் இரவில் நாற்காலி போட்டு உட்காருவது அப்பாவின் ஐம்பது வருட வழக்கம்.

சரி, ஆஸ்பத்திரி டயாலிசிஸுக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் 'ரத்தம் கழுவுறது' என்று சொல்வது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இதை நான் பார்த்தது அம்மாவின் தம்பி, என் மாமா மூலமாக. 71 வயது, நான்கு வருடமாகப் போகிறார், இன்னும் போய்க்கொண்டிருக்கிறார். அதன் நல்ல பக்கத்தை மறைக்க மாட்டேன். ஊசி போடுவது, மெஷின் பார்ப்பது, ரத்த அழுத்தம் எழுதுவது எல்லாம் மிஸ்ஸிகளின், அதாவது தாதியரின், வேலை. வீட்டுக்காரர்கள் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவந்தால் போதும். மற்ற நான்கு நாளும் மாமா சுதந்திர மனிதர். அந்த மையத்தில் அவருக்கு ஒரு சபையே இருக்கிறது. பக்கத்து நாற்காலிச் சீனக் கிழவரோடு நான்கு மணி நேரமும் பந்து விளையாட்டைப் பற்றிச் சண்டை. ஒரு நாள் அந்த நாற்காலி காலியாக இருந்தபோது மாமா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதுவும் அதற்குள் அடக்கம்தான்.

ஆனால் மாமா தரை வீட்டில் இருக்கிறார், தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வாசலிலேயே கார். மகன் கூடவே இருக்கிறான். இதயத்தில் கோளாறு இல்லை. கையில் போட்ட ஃபிஸ்டுலா முதல் தடவையே நன்றாகப் பிடித்துக்கொண்டது. கையில் சிரையையும் தமனியையும் இணைத்துச் செய்யும் அந்த வாசல் பழுத்து வரவே வாரக்கணக்கில் ஆகும். வயதான, சர்க்கரை அரித்த ரத்தக் குழாய்களில் சில சமயம் பழுக்காமலே போய்விடும், அப்போது கழுத்தில் குழாய், அதில் கிருமி பயம். நான்கு மணி நேரத்தில் இரண்டு மூன்று கிலோ நீரை உருவி எடுக்கும்போது பலவீனமான இதயம் தள்ளாடும், அழுத்தம் சடாரென்று இறங்கும். அப்பாவுக்கு எங்கள் டாக்டர் தயங்கியது இந்த இடத்தில்தான்.

நான் தயங்கியது படிக்கட்டில். கணக்கைப் பாருங்கள். வாரம் மூன்று என்றால் வருடத்துக்கு 156 தடவை. ஒவ்வொரு தடவையும் 54 படி இறங்கி, ரத்தம் கழுவி, தலை சுற்றலோடு திரும்பி வந்து 54 படி ஏற வேண்டும். ஏறுவது மட்டும் வருடத்துக்கு 8,424 படி. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அரை நாள் பரிசோதனை முடிந்து வந்தோம், வெறும் பரிசோதனைதான், டயாலிசிஸ் இல்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் கீழ்வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அப்பா அதில் உட்கார்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி, மேலே இருந்த படிகளைப் பார்த்தார். மொத்தம் 17 நிமிடம். அந்த நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறது.

இரண்டு ஆட்கள் நாற்காலியோடு தூக்கி ஏற்றினால் என்ன என்று அண்ணன் கேட்டான். ஏற்றலாம். வாரத்துக்கு மூன்று நாள் அந்த இரண்டு ஆட்கள் யார் என்று நான் கேட்டேன். போன் அமைதியாகிவிட்டது.

இனி நாங்கள் எடுத்த வழி. சி.ஏ.பி.டி., அதாவது வயிற்று டயாலிசிஸ். எங்கள் வீட்டில் 'தண்ணி மாத்துறது' என்றுதான் பெயர். சின்ன அறுவையில் வயிற்றில் ஒரு மெல்லிய குழாய் வைக்கிறார்கள், ஆற இரண்டு வாரம் போல விடுகிறார்கள். அப்புறம் அந்தக் குழாய் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். குடலைச் சுற்றியிருக்கும் சவ்வே வடிகட்டியாக வேலை செய்கிறது. நாளைக்கு நான்கு தடவை. எங்களுக்குக் காலை 7, மதியம் 12, மாலை 5, இரவு 10. ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

எல்லாம் வீட்டில், அதுவும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் இதயத்துக்கு அதிர்ச்சி இல்லை. மிச்சமிருக்கும் சொந்தச் சிறுநீர் கொஞ்சம் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்கும் என்கிறார்கள். அப்பாவுக்கு இன்னும் போகிறது. பொட்டாசியக் கட்டுப்பாடு மாமாவுக்கு இருப்பதைவிடத் தளர்வு, அரை வாழைப்பழத்துக்கு அனுமதி உண்டு. (நட்சத்திரப் பழம் மட்டும் எந்த வழியில் இருந்தாலும் கூடாது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது மூளையைத் தாக்கும் விஷம். பசாரில் வெட்டிக் கொடுப்பதை ஆசையாக வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.) ஆயுள் என்று பார்த்தால் இரண்டு டயாலிசிஸுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார். சுகாதார அமைச்சும் அண்மைய ஆண்டுகளில் இந்த வழியை ஊக்குவித்து வருகிறது.

படிக்கட்டுக் கணக்கு இங்கேயும் உண்டு. நாளைக்கு நான்கு பை, மாதத்துக்கு 120 பை, பைக்கு இரண்டு லிட்டர். மாதம் 240 கிலோ தண்ணீர் அதே 54 படி ஏறி வர வேண்டும். லோரியில் கொண்டுவரும் தம்பிகள் முதல் தடவை மூன்றாவது மாடியைப் பார்த்து விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. இப்போது அவர்கள் வரும் நாளில் ஐஸ் மைலோ தயாராக இருக்கும். அவர்கள் ஏற்றிவிடுகிறார்கள். அப்பா மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக்குக்கு இறங்கி ஏறினால் போதும், அதுவும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நிதானித்து. தண்ணீர் ஏறட்டும், அப்பா ஏற வேண்டாம் என்று அம்மா சொன்னதுதான் எங்கள் வீட்டின் தீர்ப்பு.

பெட்டிகள் எங்கே போகும் என்று கேட்பீர்கள். என் அறைக்குத்தான். கட்டிலுக்கு அடியில், அலமாரிக்குப் பக்கத்தில், ஜன்னல் உயரத்துக்கு. மாதத் தொடக்கத்தில் ஒருக்களித்துத்தான் உள்ளே போக முடியும். மாதக் கடைசியில் அறை பெரிதாகிவிடும்.

இந்த வழியைப் பற்றிப் பேசுகிறவர்கள் தொற்று வருமா, குழாய் வலிக்குமா என்றுதான் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு. புதன்கிழமை மதியம் 12 மணிக்கு அந்தக் கை யாருடைய கை? முதல் வாரத்தில் எல்லோருக்கும் கை இருக்கும். பதினெட்டாவது மாதத்தில், மழை பெய்யும் ஒரு புதன்கிழமையில், தலைவலியோடு இருக்கும் அந்தக் கை யாருடையது? அப்பாவின் விரல்கள் சர்க்கரையால் மரத்துப்போனவை, இணைப்பைத் திருக வராது. அம்மாவுக்குக் கண்புரை. அண்ணன் ஜொகூரில். நான் வீட்டிலிருந்தே இரண்டு மூன்று சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஆக, கை என்னுடையது. எனக்கு வேறு மாதிரி வேலை இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு பக்கம் சாய்ந்திருக்கும்.

அதனால் குழாய் வைப்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். எந்த மருத்துவமனையும் இதைச் சொல்லவில்லை, நானாகச் செய்தது. போனில் 7, 12, 5, 10 என்று அலாரம் வைத்தேன். அடித்ததும் என்ன வேலையாக இருந்தாலும் விட்டுவிட்டு, கை கழுவி, முகக்கவசம் போட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, அப்பாவோடு அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். இரண்டாம் நாள் மதியம் பசாரில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது அலாரம் அடித்தது. நான்காம் நாள் இரவு 10 மணிக்கு நான் தூங்கிப்போய்விட்டேன், அப்பாதான் எழுப்பினார். ஐந்தாம் நாளிலிருந்து வீட்டின் நேரமே அந்த நான்கு மணியைச் சுற்றித் திரும்பிக்கொண்டது. 28 தடவையில் மூன்று தவறின. முடியும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. 28இல் பத்து தவறியிருந்தால் மாமா போகும் மையத்தில் இடம் கேட்டிருப்பேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு தடவை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மாலை 5 மணி. காலையிலிருந்து ஓடிய மின்னல் எஃப்.எம். மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், மற்றதெல்லாம் நிற்கும். ஃபேன் நின்ற இரண்டாவது நிமிடத்தில் கோலாலம்பூர் வெக்கை முதுகில் ஊர ஆரம்பிக்கும். மேசையை ஆல்கஹால் விட்டுத் துடைக்க வேண்டும். பையைச் சூடுபடுத்தும் மெத்தையிலிருந்து எடுத்து, தேதி, சர்க்கரை அளவு, ஓட்டை ஒழுகல் பார்க்க வேண்டும். வெந்நீரில் முக்கிச் சூடாக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கையை நகக்கண் வரை கழுவ வேண்டும். வயிற்றுக் குழாயின் மூடியைத் திறந்து பையோடு இணைக்கும் அந்த மூன்று நான்கு நொடியில் யாரும் பேசக் கூடாது, இருமக் கூடாது, மூச்சுகூட வேண்டாம் என்பார் அப்பா. இணைந்ததும் பழைய தண்ணீர் கீழே தரையில் இருக்கும் காலிப் பைக்குள் இறங்கும். சலசலவென்று ஒரு மெல்லிய சத்தம். இறங்கி முடிந்ததும் மேலே கொக்கியில் தொங்கும் புதுத் தண்ணீர் வயிற்றுக்குள் போகும். கடைசியில் புது மூடி, ஒரு தடவை போட்டதை மறுபடி போடக் கூடாது. வெளியே வந்த பையைத் தராசுக் கொக்கியில் மாட்டி எடை பார்த்து நோட்டில் எழுதுவது அப்பாவின் வேலை. பட்டறையில் கணக்குப் புத்தகம் எழுதிய கை. உள்ளே 2,000, வெளியே 2,250, கூட வந்தது 250 என்று அவர் எழுதும் அழகைப் பார்க்க வேண்டும்.

எடுத்த பையை நாளிதழின் மேல் வைத்துப் பார்ப்பதும் தினப்படி சடங்கு. தண்ணீர் வழியாக எழுத்துத் தெரிய வேண்டும். தெரிந்தால் நல்லது. 2024இல் ஒரு காலையில் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அப்பாவுக்கு லேசான வயிற்று வலி, அவ்வளவுதான். பையையும் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றுச் சவ்வில் தொற்று. மருந்தைத் தண்ணீர்ப் பையிலேயே கலந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டினார்கள். சரியாகிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். முந்தின நாள் மதியம் வெக்கை தாங்காமல், இணைப்பதற்குள் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஃபேனை ஒன்றாம் எண்ணில் ஓடவிட்டிருந்தேன். அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அதுதான். அப்பாவிடம் சொன்னேன். "விடும்மா, பட்டறையில நான் போல்ட் மறந்ததில்லையா" என்றார்.

வேறு குறைகளும் உண்டு. மருந்துத் தண்ணீரில் சர்க்கரை இருக்கிறது, 1.5, 2.5, 4.25 என்று மூன்று அளவு. நீரை அதிகம் இழுக்க வேண்டுமென்றால் சர்க்கரை கூடிய பை. அதனால் இன்சுலின் ஏறியது. புரதம் தண்ணீரோடு போய்விடுகிறது, முட்டை வெள்ளைக்கரு கட்டாயம். வெள்ளிக்கிழமை கவுச்சி சாப்பிடாதவருக்கு இதைப் புரியவைக்கவே இரண்டு மாதம். மலச்சிக்கல் வந்தால் தண்ணீர் இறங்காது. அப்புறம் நான். இரண்டு வருடத்துக்கு மேலாக நான் வெளியூரில் ஓர் இரவு தங்கியதில்லை. ஈப்போவில் சித்தி மகள் கல்யாணத்துக்குக் காலை 8 மணிக்குக் கிளம்பி, தாலி கட்டியதைப் பார்த்ததும் திரும்பி ஓடி வந்தேன். அன்று மதியத் தண்ணீரைக் கண்புரையோடு அம்மாதான் மாற்றினார், நான் வீடியோ காலில் பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என்ன நினைத்திருப்பாரோ. இரவில் தூங்கும்போது மெஷினே மாற்றும் முறை ஒன்றும் உண்டு. அப்பா இரவில் பல தடவை எழுந்து நடப்பவர், குழாயோடு கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும் என்று நாங்கள் எடுக்கவில்லை. அதை ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லாததால் நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். பகலில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது வழி, டயாலிசிஸ் இல்லாமல் இருப்பது. இதைக் 'கைவிடுவது' என்று பேசுகிறார்கள், அது சரியில்லை. மருந்து உண்டு, ரத்தச் சோகைக்கு ஊசி உண்டு, வீக்கத்துக்கும் அரிப்புக்கும் மூச்சுத் திணறலுக்கும் வைத்தியம் உண்டு. மெஷின் மட்டும்தான் இல்லை. எங்கள் கட்டடத்திலேயே, இரண்டு வாசல் தள்ளி, 86 வயதில் ஒரு பாட்டி அந்த வழியை எடுத்தார். ஓர் ஆண்டுக்கும் கொஞ்சம் மேலே இருந்தார். கடைசி வாரங்களில் வீட்டுக்கே வந்து பார்க்கிற மிஸ்ஸி இருந்தார். செராசில் 1991 முதல் இயங்கும் ஹோஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்புகள் கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வேலையைக் கட்டணமில்லாமல் செய்கின்றன. பாட்டி தன் கட்டிலில், மகள் தலை கோதிக்கொண்டிருக்கும்போது போனார். நான் பார்த்தது இந்த ஒரு பாட்டியைத்தான், அதுவும் வராந்தாவிலிருந்து. அந்த மகளின் இரவுகள் எப்படியிருந்தன என்று எனக்குத் தெரியாது. அதனால் இதை அளந்து பேசத்தான் முடியும்.

ஆனால் ஒரு எண் என்னை யோசிக்க வைத்தது. அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தபடி டயாலிசிஸ் ஆரம்பித்த 3,702 பேரைப் பற்றிய ஆய்வு 2009இல் வந்தது. ஒரு வருடத்துக்குள் 58 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். ஆரம்பிப்பதற்கு முன் அன்றாடக் காரியங்களைத் தாங்களே எவ்வளவு செய்துகொண்டார்களோ அதைத் தக்கவைத்திருந்தவர்கள் 13 சதவீதம்தான். அவர்கள் ஏற்கனவே மிகவும் தளர்ந்தவர்கள், அப்பா அப்படியில்லை, தானே குளிப்பார், தண்டாயுதபாணி கோவிலுக்கு வெள்ளிக்கிழமை போகவேண்டும் என்று அடம்பிடிப்பார். இருந்தாலும், படுத்த படுக்கையாக இருக்கும் 85 வயதுக்காரருக்கு 'எல்லாத்தையும் செஞ்சிருங்க டாக்டர்' என்று சொல்வதற்கு முன்னால் அந்த 13ஐ ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம். அப்பாவுக்கு நடமாட்டம் போயிருந்தால் நானும் பாட்டியின் வழியைத்தான் அட்டையில் முதல் பத்தியாகப் போட்டிருப்பேன்.

அப்பாவின் மூன்றாவது கேள்வியை, வலி இருக்குமா என்பதை, நான் டாக்டரிடம் தமிழில் சொல்லி ஒரு தமிழ் மிஸ்ஸி மலாயில் சொன்னார். டாக்டர் அப்போது எழுந்து வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். டயாலிசிஸ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் வலியைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். இன்னொன்றும் சொன்னார்: மூன்று மாதம் செய்து பாருங்கள், ஒத்துவரவில்லை என்றால் நிறுத்தலாம், நிறுத்துவது தப்பில்லை, அது உங்கள் உரிமை. அப்பாவின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். அதுவரை அவர் பயந்துகொண்டிருந்தது குழாய்க்கோ மெஷினுக்கோ இல்லை. ஒரு தடவை ஏறிவிட்டால் இறங்க முடியாத வண்டி என்று நினைத்திருக்கிறார். "அப்ப ஏறிப் பாப்போம்" என்றார், ரயில்வேக்காரர்.

மூன்று மாதம் முடிந்தபோது நானே கேட்டேன். தொடரலாம் என்றார். ஒவ்வொரு பிறந்தநாளிலும் கேட்கிறேன். சென்ற பிறந்தநாளில், 80ஆவதில், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி எழுதச் சொன்னார். இரண்டு வரிதான். உங்களை எனக்கு அடையாளம் தெரியாமல் போனால் தண்ணி மாத்துவதை நிறுத்திவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் படி இறக்காதீர்கள். கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். டாக்டரிடம் காட்டினோம், ஃபைலில் ஒரு பிரதி வைத்துக்கொண்டார். அண்ணனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், எனக்கும் அந்தத் தண்ணி மாத்தச் சொல்லிக் கொடு, பள்ளி விடுமுறைக்கு வருகிறேன் என்று எழுதினான்.

அடுத்த வாரம் வருகிறான். எங்கள் பழைய மிஸ்ஸியிடம் கேட்டு அவனுக்கும் பயிற்சிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். ஒத்துவந்தால் எனக்கு வருடத்தில் ஒரு பத்து நாள் கிடைக்கும். ஆனால் இவன் சின்ன வயதில் சாப்பிடும் முன் கையை நனைத்துவிட்டுக் கழுவினேன் என்று சொன்னவன். நகக்கண் வரை கழுவுகிறானா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் ஈப்போவுக்கு டிக்கெட் போடுவேன்.